பெட்டிக்குள் இல்லாத பழுது

வீட்டில் ஹோம் தியேட்டர் பாடவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடுவது நம் வழக்கம். வால்வு ரேடியோ காலம் தொட்டு டேப் ரெக்கார்டர் காலம்வரை அது சரியான வழக்கமாகவும் இருந்தது. ரேடியோவில் வால்வு போகும். டேப்பில் பெல்ட் தொய்யும், ஹெட் தேயும். எல்லாம் பெட்டிக்குள்ளேயே. மூடியைக் கழற்றினால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபடுவான். இன்றைக்கு அதே மெக்கானிக் ஆம்ப்பைத் தன் மேசையில் வைத்து ஓட்டிப் பார்க்கிறார், கணீரென்று பாடுகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து டிவியோடு இணைத்தால் மறுபடியும் ஊமை.

ஆம்ப்பும் கெடவில்லை, டிவியும் கெடவில்லை. இரண்டுக்கும் இடையிலான பேச்சுவார்த்தை முறிந்திருக்கிறது. டிஜிட்டல் ஒலி வீட்டுக்குள் வந்த இந்த நாற்பது ஆண்டுகளில் பழுது மெல்ல மெல்லப் பெட்டியை விட்டு வெளியேறி, பெட்டிகளுக்கு நடுவே குடியேறியிருக்கிறது. சமீப காலமாக வீட்டையும் தாண்டி, எங்கோ இருக்கும் சர்வருக்கே போய்விட்டது. நாம் தேடும் முறை மட்டும் மூடியைக் கழற்றுவதிலேயே நிற்கிறது. பரவலாக வரும் கோளாறுகளை அறிகுறி வாரியாக அலசி, எது எங்கே ஒளிந்திருக்கிறது, எதை நாமே சரிசெய்யலாம், எதற்கு மெக்கானிக் வேண்டும், எது அவர் கைக்கும் எட்டாதது என்று இங்கே பார்க்கலாம்.

எண்கள் எப்படிக் கெடும்?

1982 அக்டோபர் 1 அன்று சோனி தன் முதல் சிடி பிளேயரை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. சிடியில் ஒரு நொடி இசை என்பது ஒரு சேனலுக்கு 44,100 அளவீடுகள். ஒவ்வொன்றும் 16 பிட். இரண்டு சேனலுக்கும் சேர்த்து நொடிக்கு 14,11,200 பிட். இத்தனை எண்களில் சில தவறும் என்பது சிடியை வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். அதனால் பிழைதிருத்தும் குறியீட்டைத் தட்டிலேயே சேர்த்து எழுதினார்கள். தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்துபோனாலும் பிளேயரால் அதை அப்படியே மீட்டுவிட முடியும். அதற்கும் மேல் போனால் அக்கம்பக்கத்து எண்களை வைத்து இட்டு நிரப்பும். அதுவும் முடியாதபோதுதான் பாட்டு தாவும், திக்கும், நிற்கும்.

அனலாக் ஒலி தேய்ந்து தேய்ந்து கெடும். டிஜிட்டல் ஒலி கடைசிவரை தாங்கிப் பிடித்துவிட்டு ஒரேயடியாக விழும். பழுது தேடுகிறவருக்கு இதில் ஒரு விதி இருக்கிறது. ஒலி அறுந்து அறுந்து வந்தாலோ அடியோடு நின்றாலோ எண்கள் வரும் பாதையைச் சந்தேகிக்கலாம். "கொர்" என்ற இரைச்சல், அடித்தொண்டைக் கரகரப்பு, பாஸ் இல்லாத வறட்சி, பேச்சு புரியாமை இவையெல்லாம் எண்களால் வருவதில்லை. கரண்ட், எர்த், வயர், ஸ்பீக்கர், அறை, அமைப்புகள் ஆகியவற்றில்தான் தேட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் இரைச்சலுக்கு விலை உயர்ந்த டிஜிட்டல் கேபிள் வாங்குகிறவர்கள் ஏராளம்.

படம் வருகிறது, சத்தம் இல்லை

இன்று அதிகம் வரும் புகார் இதுதான். சில சேனல்களில் மட்டும், அல்லது பென்டிரைவில் உள்ள சில படங்களில் மட்டும் சத்தம் வராது. ஒலியை அனுப்பும் கருவி ஒரு வடிவத்தில் அனுப்புகிறது, வாங்கும் கருவிக்கு அந்த வடிவம் புரியவில்லை. டி.டி.எச். பெட்டியில் சாதாரண சேனல் பேசுகிறது, எச்.டி. சேனல் ஊமையாக இருக்கிறது என்றால் அந்த சேனல் டால்பி வடிவத்தில் வருகிறது, நம் ஆம்ப்புக்கோ பழைய டிவிக்கோ அதைப் பிரித்தறியத் தெரியவில்லை என்று பொருள். பெட்டியின் ஆடியோ அமைப்பில் 'டால்பி' அல்லது 'ஆட்டோ' என்றிருப்பதை 'பி.சி.எம்.' அல்லது 'ஸ்டீரியோ' என்று மாற்றினால் போதும். பாதி வீடுகளில் பிரச்சினை அத்தோடு தீரும்.

ஆப்டிகல் கேபிளுக்கும் ஓர் எல்லை உண்டு. 1983இல் தோஷிபா கொண்டுவந்த இந்த இணைப்பு, இரண்டு சேனல் பி.சி.எம். ஒலியையும், சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 ஒலியையும்தான் சுமக்கும். ஓடிடி படங்களில் வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் அதில் போகாது. அதற்கு எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. வேண்டும். டிவியின் ஒலியை ஆம்ப்புக்கோ சவுண்ட்பாருக்கோ திருப்பி அனுப்பும் இந்த வசதி 2009இல் எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்போடு வந்தது. ஒலித் தரம் குறையாத டால்பி ட்ரூஎச்டி போன்றவற்றுக்கு 2017இல் அறிவிக்கப்பட்ட இ-ஏ.ஆர்.சி. தேவை. டிவியின் பின்னால் மூன்று நான்கு எச்.டி.எம்.ஐ. வாய்கள் இருக்கும். அவற்றில் ஒன்றில் மட்டும்தான் 'ஏ.ஆர்.சி.' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். சவுண்ட்பாரை வேறு வாயில் சொருகிவிட்டுப் பழுது என்று திருப்பி அனுப்புவது சர்வசாதாரணம்.

சரியான வாயில் சொருகியும் சிலசமயம் பேசாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் எச்.டி.எம்.ஐ. கருவிகள் தங்களால் என்னென்ன முடியும் என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. கரண்ட் போய் வரும்போது இந்த அறிமுகம் பாதியில் நின்றுவிடும். ரிமோட்டில் அணைத்தால் கருவி உறங்கத்தான் செய்கிறது. பழைய நினைவு அழிவதில்லை. எல்லாவற்றையும் சுவரிலிருந்தே பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டு, முதலில் டிவி, பிறகு சவுண்ட்பார், கடைசியில் செட்டாப் பாக்ஸ் என்று ஒவ்வொன்றாக ஆன் செய்வதற்கு உண்மையிலேயே பலன் இருக்கிறது.

இன்னொரு வகை ஊமைக்கு மின்சாரத்தோடு சம்பந்தமே இல்லை. சாம்சங் 2018 மாடல்களிலிருந்து தன் டிவிகளில் டிடிஎஸ் வடிவத்தைக் கைவிட்டது. எல்ஜி 2020இல் கைவிட்டு, 2023இல் சில மாடல்களில் திரும்பச் சேர்த்தது. பழைய டிவியில் பேசிய பென்டிரைவ் படம் புது டிவியில் பேசாமல் போவதற்கு இது ஒரு காரணம். எந்த மெக்கானிக்கும் இதைச் சரிசெய்ய முடியாது. படத்தின் ஒலியை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது அந்த வடிவம் தெரிந்த வேறு பிளேயரில் ஓட்டலாம்.

"கொர்" என்ற இரைச்சல்

நம் ஊரில் இதற்கு முதல் காரணம் எர்த். இரண்டு கருவிகள் இரண்டு வேறு வழிகளில் எர்த் ஆகி, ஒலி வயர் அவற்றை இணைக்கும்போது ஒரு வளையம் உருவாகிறது. அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் "கொர்"ரென்று கேட்கிறது. கேபிள் டிவி வயர் தெருக் கம்பத்தில் ஒரு எர்த்தையும், ஆம்ப்பின் மூன்று முள் பிளக் வீட்டில் இன்னொரு எர்த்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். கேபிள் வயரைக் கழற்றிப் பார்த்தால் இரைச்சல் சட்டென்று நின்றுவிடும். லேப்டாப்பை ஆம்ப்போடு இணைத்தவர்களுக்கு இதன் மறுவடிவம் தெரியும்: சார்ஜர் போட்டதும் "கொய்ங்" என்ற ஓசை, பிடுங்கியதும் அமைதி.

மாற்று வழி மலிவானதுதான். ஆப்டிகல் கேபிளில் மின்சாரம் ஓடுவதில்லை, ஒளிதான் ஓடுகிறது. எனவே வளையம் தானாக அறுந்துவிடும். அந்த வசதி இல்லாத இடத்தில் ஒலி வயரின் குறுக்கே சின்ன டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' போடலாம். செய்யவே கூடாத ஒன்று, பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிடுவது. இரைச்சல் நிற்கும், உள்ளே லைன் வயர் பெட்டியின் உலோக உடலைத் தொட்டால் ஆளும் போவார். ஆம்ப்பின் உலோக உடலைத் தொடும்போது விரலில் 'சுருசுரு'வென்று உணர்ந்தால் எர்த் இல்லை என்பதற்கு அடையாளம் அதுவே. பழைய வீடுகளில் எர்த் குழி காய்ந்து கிடப்பதும், புது வயரிங்கில் மூன்றாவது வயரை எங்கும் இணைக்காமல் விட்டிருப்பதும் அபூர்வமல்ல.

தமிழ்நாட்டின் அசெம்பிள்டு செட்டுகளுக்கென்றே ஒரு தனி இரைச்சல் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் 4440 ஐ.சி. ஆம்ப் போர்டையும், புளூடூத்–யு.எஸ்.பி.–எஃப்.எம். போர்டையும் வாங்கி ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டுவார்கள். ஆக்ஸில் சுத்தமாகப் பாடும் செட், புளூடூத்துக்கு மாற்றியதும் "டிக்டிக், விர்ர்" என்று முனகும். புளூடூத் போர்டில் ஓடும் டிஜிட்டல் மின்னோட்டமும் ஒலியும் ஒரே கிரவுண்டைப் பகிர்ந்துகொள்வதால் வரும் வினை இது. போர்டைத் தனி சார்ஜரில் ஓட்டிப் பாருங்கள். முனகல் நின்றால் நோய் புரிந்துவிட்டது. பி0505எஸ் போன்ற தனிமைப்படுத்தும் சின்ன மாட்யூல் ஒன்றை நடுவே வைத்தால் நிரந்தரமாகத் தீரும். போர்டையே மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஏறியதும் மட்டும் கேட்கும் "ஜ்ஜ்ஜ்" ஓசைக்குக் காரணம் ஆம்ப் அல்ல. மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் தரும் மின்சாரத்தில் 50 ஹெர்ட்ஸோடு அதன் ஒற்றைப்படை மடங்குகளும் கலந்திருக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அது வராது. எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் இதே போன்ற ஓசையைக் கிளப்பும். ஃபேனை அணைத்துப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

விட்டு விட்டு வருவது

புளூடூத், வைஃபை, மைக்ரோவேவ் அவன் மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியையே பயன்படுத்துகின்றன. யு.எஸ்.பி. 3.0 கருவிகளும் அதே பகுதியில் இரைச்சலைக் கசியவிடுவதை 2012இல் இன்டெல் நிறுவனமே தன் அறிக்கையில் விளக்கியது. லேப்டாப்பில் வெளிப்புற ஹார்டு டிஸ்க்கும் புளூடூத் டாங்கிளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பாட்டு அறுபடுவது இதனால்தான். டாங்கிளை ஒரு நீட்டிப்பு வயரில் தள்ளி வைத்தால் சரியாகும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் உதவும். மனித உடம்பும் இந்த அலையை விழுங்கும். பின்பாக்கெட்டில் போனை வைத்துக்கொண்டு திரும்பி நின்றால் பாட்டு திக்குவது அதனால்தான்.

ஹெட்போனில் இசை நன்றாக வருகிறது, வீடியோ மீட்டிங்கில் சேர்ந்ததும் பழைய டெலிபோன் போல ஆகிறது என்றால் ஹெட்போனைக் குறை சொல்லாதீர்கள். வழக்கமான புளூடூத்தில் இசைக்கு ஒரு வழி, மைக்கோடு சேர்ந்த பேச்சுக்கு வேறு வழி. மைக் விழித்ததும் கருவி இரண்டாவது வழிக்குத் தாவி, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மோனோவாகச் சுருங்கிவிடும். லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் ஹெட்போன் மறுபடி இசைக்குத் திரும்பும்.

சிடி தாவுவதற்குக் கீறலின் திசை முக்கியம். மையத்திலிருந்து விளிம்புக்குப் போகும் கீறலைப் பிழைதிருத்தம் சமாளிக்கும். தடத்தோடு சேர்ந்து வட்டமாகப் போகும் கீறல் நீண்ட பகுதியை ஒரே இடத்தில் விழுங்கிவிடும். ஆகவே மையத்திலிருந்து வெளிப்புறமாக நேர்கோட்டில் துடைக்க வேண்டும். படம் அச்சிட்ட மேல்பக்கம்தான் அதிக ஆபத்தானது. ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் அதன் அடியிலேயே இருக்கிறது. அது உரிந்தால் மீட்பே கிடையாது.

பென்டிரைவ் பாட்டுகள் பெயர் வரிசையில் ஓடாமல் தாறுமாறாக ஓடுவது பழுதே அல்ல. மலிவான பிளேயர்கள் பெயரைப் பார்ப்பதில்லை. எந்த வரிசையில் காப்பி செய்தோமோ அந்த வரிசையில் வாசிக்கின்றன. காலி பென்டிரைவில் ஒவ்வொன்றாக வரிசையாகக் காப்பி செய்தால் போதும். பென்டிரைவையே அடையாளம் காணாவிட்டால் அது எக்ஸ்ஃபேட்டிலோ என்.டி.எஃப்.எஸ்ஸிலோ இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கருவிகளுக்கு ஃபேட்32 தான் தெரியும்.

உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்

ஒலி படத்தைவிட முந்தினால் சீக்கிரம் உறுத்தும். பிந்தினால் மனம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998 பரிந்துரை, ஒலி 45 மில்லிநொடி முந்தும்போதே கண்டுபிடித்துவிடுவோம், பிந்தும்போது 125 மில்லிநொடிவரை தெரியாது என்கிறது. இயற்கையிலும் தூரத்துச் சத்தம் தாமதமாகத்தானே வருகிறது.

ஆம்ப்பில் உள்ள 'லிப் சிங்க்' அமைப்பால் ஒலியைத் தாமதப்படுத்த மட்டுமே முடியும். டிவி படத்தை மெருகேற்றுவதில் நேரம் எடுத்து, ஒலி முந்திவிட்டால் அது உதவும். ஒலியே பிந்தி வந்தால் அதை முன்னால் இழுக்க வழியில்லை. புளூடூத் ஸ்பீக்கரில் சுமார் 200 மில்லிநொடித் தாமதம் சகஜம். போனின் வீடியோ ஆப்கள் படத்தையும் அதற்கேற்ப நிறுத்திச் சமாளித்துவிடும். டிவிகள் எல்லாம் அப்படிச் செய்வதில்லை. டிவிக்கு வயர் இணைப்பே நல்லது என்பதற்கு இது போதுமான காரணம்.

பாட்டு கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை

5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். ஆம்ப்பின் அமைப்பில் நடு ஸ்பீக்கர் உண்டு என்று குறித்துவிட்டு, நிஜத்தில் மாட்டாமல் விட்டிருந்தால் வசனம் காற்றில் போகும். அந்தக் குறியை எடுத்துவிட்டால் வசனம் இடம், வலம் இரண்டிலும் பிரிந்து வரும். வெடிச் சத்தம் வீட்டை அதிரவைத்து, வசனத்துக்கு ரிமோட்டைத் தேட வைக்கிறதா? அது தியேட்டருக்காகச் செய்த ஒலிக்கலவை. 'நைட் மோட்' அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும்.

ஹெட்போனில் பாடகரின் குரல் மட்டும் மறைந்து, தாளமும் எதிரொலியும் கேட்டால் ஜாக்கின் கிரவுண்ட் விட்டுப்போயிருக்கிறது. அப்போது இரண்டு சேனல்களின் வித்தியாசம்தான் காதுக்கு வரும். இரண்டிலும் சமமாக உள்ள குரல் ஒன்றையொன்று அழித்துவிடும். மைக் உள்ள ஹெட்போனின் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்புகிறது என்றால், ஜாக்கின் வயர் அமைப்பு உங்கள் கருவியோடு ஒத்துப்போகாதது.

ஸ்பீக்கர் வயரில் ஒரு பக்கம் மட்டும் சிவப்பு, கறுப்பு மாறியிருந்தால் பாஸ் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காது. ஸ்பீக்கரை ஆம்ப்பிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேனா பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ் சிவப்பில் பட்டால் கூம்பு வெளியே தள்ள வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் பாஸ் ஓரிடத்தில் குமுறி, ஓரிடத்தில் காணாமல் போனால் காரணம் அறை. 10க்கு 12 அடி கான்கிரீட் அறையில் நீளவாக்கில் சுமார் 47 ஹெர்ட்ஸும், அகலவாக்கில் சுமார் 56 ஹெர்ட்ஸும் தேங்கி நிற்கும். சப் வூஃபரை நாம் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட விட்டு, அறையைச் சுற்றி நடந்து, பாஸ் சீராகக் கேட்கும் இடத்தில் கொண்டுபோய் வைப்பது பழைய, நல்ல உத்தி.

கேபிளும் கடிகாரமும்

டிஜிட்டல் கேபிளை மாற்றினால் இசை இனிமையாகுமா என்பது ஓயாத சண்டை. மாற்றம் கேட்கிறது என்பவர்கள் ஜிட்டரைக் காரணம் காட்டுவார்கள்; அதாவது அளவீடுகள் வெளியாகும் நேரத்தில் நேரும் மிகச் சிறு தடுமாற்றம். அது உண்மையாகவே உண்டு. ஆனால் 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நடத்திய கேட்டல் சோதனையில், தடுமாற்றம் பல நூறு நானோநொடிக்கு உயர்ந்த பிறகே இசையில் அது தெரிந்தது. இன்றைய ஒழுங்கான கருவிகளில் அது இதைவிட வெகு குறைவு. உயர்துல்லிய ஒலி சிடி தர ஒலியிலிருந்து வேறுபட்டுக் கேட்கிறதா என்பதிலும் இதே நிலைதான். 2007இல் வெளியான மேயர், மோரன் சோதனையில் 554 முயற்சிகளில் 276 மட்டுமே சரி. காசு சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவுதான் வரும். 2016இல் ஆய்வாளர் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளைத் தொகுத்து, வித்தியாசம் தெரிகிறது, ஆனால் சுமார் 52 சதவீதம் என்ற மெல்லிய அளவில் என்று காட்டினார். சண்டை முடியவில்லை என்றாலும், இரைச்சலுக்கோ புரியாத வசனத்துக்கோ மருந்து இந்தப் பக்கம் இல்லை என்பது தெளிவு.

மூடியைக் கழற்ற வேண்டியபோது

பெட்டிக்குள் பழுது அடியோடு மறையவில்லை. அங்கே மிஞ்சியிருப்பதில் முக்கியமானது பவர் சப்ளை. அதில் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி சூடு ஏறும்போதும் ஏறக்குறையப் பாதியாகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று மதிப்பிட்டது, 65 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும். இரவு பகலாக ஸ்டாண்ட்பையில் இருக்கும் கருவிக்கு அது நான்கு வருடம்கூட இல்லை. காற்றோட்டமில்லாத டிவி அலமாரிக்குள் செட்டாப் பாக்ஸ் மீது ஆம்ப்பை அடுக்கி வைத்தால் ஆயுள் இன்னும் சுருங்கும். நாலைந்து முறை தட்டினால்தான் ஆன் ஆவது, சூடேறிய பிறகே சரியாக ஓடுவது, சிவப்பு விளக்கு சிமிட்டுவது கெப்பாசிட்டர் தளர்ந்ததன் அறிகுறிகள். உள்ளே கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கும். மாற்றுவது மலிவு. ஆனால் 230 வோல்ட் லைனில் ஓடும் இந்த சப்ளையில் 325 வோல்ட் டி.சி. தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் நிற்கும். இந்த வேலை மெக்கானிக்குடையது.

வீட்டுக்கு வெளியே

கடைசி வகைப் பழுதுக்கு ஸ்க்ரூடிரைவரும் மல்டிமீட்டரும் உதவாது. 2024 மே மாதம் சோனோஸ் ஸ்பீக்கர் நிறுவனம் தன் ஆப்பை முழுதாக மாற்றியதும், அலாரம், ஸ்லீப் டைமர் போன்ற வசதிகள் காணாமல் போயின. ஸ்பீக்கர்களில் ஒரு குறையும் இல்லை. எதிர்ப்பு கிளம்பி, ஜூலையில் தலைமை நிர்வாகி பேட்ரிக் ஸ்பென்ஸ் மன்னிப்புக் கேட்டார். 2025 ஜனவரியில் பதவி விலகினார். அதே 2024இல் லாஜிடெக் தன் பழைய ஸ்குவீஸ்பாக்ஸ் பிளேயர்களுக்கான இணையச் சேவையை மூடியது. ஆனால் அந்தக் கருவிகள் சாகவில்லை. அவற்றுக்கான சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால், ஆர்வலர்கள் அதை லிரியன் என்ற பெயரில் தொடர்ந்து நடத்துகிறார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் தேடும் முறை ஒன்றே: சங்கிலியைச் சுருக்குவது. ஒரு மூலம், ஒரு ஆம்ப், ஒரு ஜோடி ஸ்பீக்கர் மட்டும் வைத்து, மிக எளிய வடிவமான ஸ்டீரியோ பி.சி.எம்மில் ஓட்டிப் பாருங்கள். பாடினால் கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ, பழுது அந்த இணைப்பில். ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால் ஸ்பீக்கர் வயர்களை இடம் வலம் மாற்றுங்கள். கரகரப்பு பக்கம் மாறினால் கோளாறு ஆம்ப்பிலோ அதற்கு முன்போ. மாறாவிட்டால் அந்த ஸ்பீக்கரில். இரண்டு மாற்றத்தை ஒரே சமயத்தில் செய்தால் எது பலித்தது என்று தெரியாமலேயே போகும்.

மெக்கானிக்கிடம் போகவேண்டி வந்தால் ஆம்ப்போடு ரிமோட்டையும், இணைத்திருந்த கேபிளையும், முடிந்தால் எதிர்முனைக் கருவியையும் கொண்டுபோவது நல்லது. வாங்கும்போதே இணையம் இல்லாவிட்டாலும் இந்தக் கருவி பாடுமா என்று கடையில் கேட்பது அதைவிட நல்லது. பின்னால் ஓர் ஆக்ஸ் வாயோ ஆப்டிகல் வாயோ இருந்தால், கம்பெனி ஆப்பை மூடினாலும் சர்வரை நிறுத்தினாலும் அந்தக் கருவி உங்களுடையதாகவே இருக்கும். அது இல்லாத கருவியை, எத்தனை வருடம் ஓடும் என்பதை வேறொருவர் முடிவுசெய்யும் பொருள் என்று தெரிந்தே வாங்க வேண்டும்.